குழந்தைத் தொலைக்காட்சியில் புகைவண்டிக் கதை

தோற்றுவாய்

இருப்புப்பாதையில் ஓடும் ஊர்திக்குத் தமிழில் பல பெயர்கள் உள்ளன. ‘ரயில்’ என்பது பேச்சு வழக்கில் நிலைத்த சொல். ‘புகைவண்டி’ என்பது ஊர்தியின் தோற்றத்தைக் கண்டு மக்கள் இட்ட பெயர். ஈழத்தமிழர் அதனைப் ‘புகையிரதம்’ என்பர். பெட்டியோடு பெட்டி தொடர்ந்து செல்லும் இயல்பை நோக்கி எழுந்த பெயர் ‘தொடர்வண்டி’. மின்னாற்றலால் ஓடும் வண்டிக்குப் புகை இல்லையாதலின் புகைவண்டி என்னும் பெயர் அதற்குப் பொருந்தாது போயிற்று. தொடர்வண்டி என்னும் பெயரோ நீராவி, டீசல், மின்சாரம் ஆகிய மூவகைக்கும் பொருந்தி நிற்கின்றது.

இவ்விரு பெயர்களும் இருவகை நோக்கைக் காட்டுகின்றன. ஒன்று கண்ணுக்குப் புலனாகும் வியப்பைப் பற்றியது. மற்றொன்று ஊர்தி இயங்கும் முறையைப் பற்றியது. குழந்தைகளுக்கெனத் தொலைக்காட்சியில் அமைந்த புகைவண்டிக் கதைகளை மதிப்பிடுவதற்கும் இவ்வேறுபாடு பெரிதும் துணைசெய்யும். குழந்தையை முதலில் ஈர்ப்பது புகையே. ஆயின் நல்ல கதையொன்றைத் தாங்கி நிற்பது தொடரே என்க. அறிவுரை வெளியிலிருந்து புகுத்தப்படாமல், இருப்புப்பாதையின் இயக்கத்திலிருந்தே பிறக்குமாயின் அக்கதை சிறக்கும் என்பது இக்கட்டுரையின் கருத்து. இதனை 1984-ஆம் ஆண்டு ஆங்கிலத் தொலைக்காட்சியில் தொடங்கிய ஒரு தொடரின் தொடக்கக் கதைகளைக் கொண்டு நிறுவி, அத்தொடரில் பின்னாளில் இடம்பெற்ற நீலகிரி எஞ்சினுக்கும் அதே அளவுகோலைப் பொருத்திக் காண்போம்.

வண்டலூர்ப் பாதை

நீராவி எஞ்சினை நேரிற் காணாத தலைமுறை தமிழகத்தில் எவ்வாறு உருவாயிற்று என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். அதற்குச் சென்னையின் தென்புறத்தே உள்ள வண்டலூர் ஏற்ற சான்றாகும்.

தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856-ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை திறக்கப்பட்டது. அதற்குப் பின் தென்மாவட்டங்களை நோக்கிச் சென்ற பாதை, எழும்பூர், தாம்பரம், வண்டலூர், செங்கற்பட்டு என நீண்டது. இது தென்னிந்திய இருப்புப்பாதைக் குழுமத்தின் மீட்டர்ப்பாதை. இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மீட்டர் அகலமுடையது. 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. தென்னாட்டில் மின்சாரத்தால் தொடர்வண்டி ஓடியது அதுவே முதன்முறை. பம்பாயில் 1925-இல் தொடங்கிய மாற்றம் ஆறே ஆண்டுகளில் சென்னைக்கும் வந்தது.

ஆயின் மின்கம்பி தாம்பரத்தோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் உள்ள பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் ஆகிய ஊர்களின் வழியே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நீராவி எஞ்சின்களே ஓடின. சில கல் தொலைவிற்குள் இரண்டு காலங்கள் அருகருகே நின்றன என்னலாம். தாம்பரத்துச் சிறுவன் புகையில்லா வண்டியில் பள்ளிக்குச் சென்ற நாளில், வண்டலூர்ச் சிறுவன் புகைவண்டியைக் கண்டு நின்றான். 1960-களின் நடுவில் மின்கம்பி தெற்கே விழுப்புரம் வரை நீண்டது. ஜப்பானில் செய்யப்பட்ட மீட்டர்ப்பாதை மின் எஞ்சின்கள் இப்பாதைக்கு வந்தன. சித்தரஞ்சன் ஆலையில் நீராவி எஞ்சின் செய்யும் பணி 1972-இல் முடிவுற்றது. அகலப்பாதை வந்தபின், கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே ஓடிய மீட்டர்ப்பாதை மின்வண்டிகள் 2004-இல் நின்றன.

இக்கால எல்லைகளைத் தொலைக்காட்சியின் வரலாற்றோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அப்போது வண்டலூர் வழியே மின்வண்டி வந்து ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. எனவே இப்பகுதியில் தொலைக்காட்சியைப் பார்த்து வளர்ந்த குழந்தைகளுக்கு நீராவி எஞ்சின் என்பது பாதையிற் கண்ட பொருளன்று. திரையிற் கண்ட பொருளே. 1985-இல் சென்னை நகரினின்று வண்டலூருக்கு மாறிய அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைக் காண மின்வண்டியில் வந்திறங்கும் சிறுவனும், வண்டியை வரையச் சொன்னால் புகைபோக்கியோடுதான் வரைவான்.

இதற்குக் காரணம் பழமைப் பற்று மட்டுமன்று. மின்வண்டியில் இழுக்கும் எஞ்சின் என்று தனியே ஒன்று முன்னே நிற்பதில்லை. ஆற்றல் தரும் மோட்டார்கள் பெட்டிகளின் அடியில் மறைந்துள்ளன. எது இழுக்கின்றது என்று குழந்தை கேட்டால், விரல் நீட்டிக் காட்டுதற்கு எதுவும் இல்லை. நீராவி எஞ்சினிலோ எல்லாம் வெளிப்படை. கரி உண்கின்றது, நீர் குடிக்கின்றது, மூச்சு விடுகின்றது, சக்கரங்களை இணைக்கும் தண்டுகள் கைகளைப் போல் இயங்குகின்றன, ஏற்றத்தில் இரைக்கின்றது. உயிருள்ளதாகக் கருதுதற்குரிய அடையாளங்கள் அதன் உடம்பிலேயே உள்ளன. திரையில் அது நிலைபெற்றமைக்கு இதுவே தலையாய காரணம் எனலாம்.

ஆட்ரியின் கதைகள்

அவ்வாறு நிலைபெற்ற கதைகளுள் உலகெங்கும் பரவியவை வில்பர்ட் ஆட்ரி என்னும் ஆங்கிலப் பாதிரியார் எழுதியவை. 1911-இல் பிறந்து 1997-இல் மறைந்த இவர், இளமையில் பாக்ஸ் என்னும் ஊரில், பெருமேற்கு இருப்புப்பாதைக்கு மிக அருகே அமைந்த வீட்டில் வளர்ந்தார். அங்கே பாதை ஒரு குகையை நோக்கி ஏறிச் செல்கின்றது. சரக்கு வண்டிகள் அவ்வேற்றத்தைத் தனியே கடக்க இயலாமையால், பின்னிருந்து தள்ளுவதற்கு ஓர் எஞ்சின் அங்கே நிறுத்தப்பட்டிருந்தது. இரவில் படுக்கையிற் கிடந்த சிறுவனுக்கு, முன்னே இழுக்கும் எஞ்சினின் இரைப்பும் பின்னே தள்ளும் எஞ்சினின் இரைப்பும் ஓர் உரையாடலாகக் கேட்டன. ஒன்று தன்னால் இயலாது என்று சோர்வதாகவும், மற்றொன்று இயலும் என்று ஊக்குவதாகவும் அவர் கருதிக்கொண்டார்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், தட்டம்மை கண்டு படுத்திருந்த தம் மகனுக்கு அவர் சொன்ன கதைகள் 1945-இல் முதல் நூலாயின. தாமஸ் என்னும் சிறு எஞ்சின் 1946-இல் வெளிவந்த இரண்டாம் நூலில் தோன்றியது. 1972 வரை அவர் 26 நூல்கள் எழுதினார். இருப்புப்பாதையில் நிகழக்கூடாத ஒன்றைக் கதையில் நிகழ்த்தக்கூடாது என்பதில் ஆட்ரி மிகுந்த கண்டிப்புடையவர். தம் கதைகளுக்கு உண்மை நிகழ்ச்சிகளையே அடிப்படையாகக் கொண்டார். படம் வரைந்தோர் எஞ்சினின் உறுப்பைப் பிழைபட வரைந்தபோது அவர் பொறுத்துக்கொள்ளவில்லை.

அஃறிணைப் பொருள்களைப் பேசுவன போலவும் கேட்பன போலவும் கூறுதல் தமிழ் மரபிற்குப் புதிதன்று. நன்னூல் பொதுவியல் இதற்கு இலக்கணம் வகுத்துள்ளது. நெஞ்சையும் நாரையையும் முகிலையும் விளித்துப் பேசிய இலக்கியம் நம்முடையது. ஆனால் அங்கெல்லாம் பேசுவோன் மனிதன். அஃறிணைப்பொருள் அவன் உணர்ச்சிக்கு ஒரு சார்பாக நிற்கும். ஆட்ரியின் எஞ்சினோ தன் தொழிலைப் பற்றியே பேசுகின்றது. அதன் பெருமை, பொறாமை, அச்சம் ஆகிய யாவும் அதன் எடை, சக்கரம், நீராவி, பாதை ஆகியவற்றோடு பிணைந்துள்ளன.

தொலைக்காட்சி வடிவம்

இக்கதைகளைத் தொலைக்காட்சிக்குக் கொணர்ந்தவர் பிரிட் ஆல்கிராஃப்ட் என்னும் பெண்மணி. டேவிட் மிட்டன் இயக்கினார். முதற்கதை 1984-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள் ஒளிபரப்பாயிற்று. ஒவ்வொரு கதையும் ஐந்து நிமிட அளவினது. தண்டவாளத்தில் உண்மையாகவே ஓடும் மாதிரி எஞ்சின்களை வைத்துப் படம் பிடித்தனர். முகங்கள் அசையமாட்டா, மகிழ்ச்சிக்கு ஒரு முகமும் சினத்திற்கு ஒரு முகமும் எனச் செய்து மாற்றி மாற்றிப் பொருத்தினர். கண்கள் மட்டும் இடமும் வலமும் அசைந்தன. எஞ்சின்கள் வாய் திறந்து பேசவில்லை. இசைக் கலைஞர் ரிங்கோ ஸ்டார் ஒருவரே கதை முழுவதையும் சொல்லி, எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் தந்தார்.

இவ்வமைப்பைக் குறைபாடு எனக் கருதுவோர் உளர். கூர்ந்து நோக்கின் இதுவே அத்தொடரின் முதல் வலிமை என்பது தெளிவாகும். பாட்டி கதை சொல்லும்போது நரியின் வாய் அசைவதில்லை. பாட்டியின் குரலே நரிக்கும் காக்கைக்கும் ஆகின்றது. அசையா முகத்தின்மேல் உணர்ச்சியை ஏற்றுவது கேட்கும் குழந்தையின் வேலை. எனவே குழந்தை வாளா பார்த்திருப்பதில்லை. கதையை முடிப்பதில் பங்கு கொள்கின்றது. மேலும், முகம் அசையாமையால் கண் சக்கரங்களின்மேற் செல்கின்றது. எஞ்சின் நிற்பதும், பெட்டியை முட்டுவதும், தடம் மாறுவதும் தாமே செய்தி சொல்கின்றன. 2009-ஆம் ஆண்டு முதல் தொடர் முழுவதும் கணிப்பொறி வரைகலைக்கு மாறியபின் முகங்கள் அசைந்தன. ஒவ்வொரு பாத்திரத்திற்கும் தனிக்குரல் வந்தது. பேச்சு மிகுந்தது, அதற்கேற்ப இயக்கத்தின் மேலிருந்த நோக்கம் குறைந்தது.

முதற்கதையும் இரண்டாம் கதையும்

முதற்கதையில் தாமஸ் பெரிய நிலையமொன்றில் வேலை செய்யும் சிறு எஞ்சின். பெரிய எஞ்சின்கள் இழுக்க வேண்டிய பெட்டிகளைக் கொண்டுவந்து நிறுத்துவதும், வந்து சேர்ந்த வெற்றுப்பெட்டிகளை அகற்றுவதும் அதன் பணி. தன்னைப்போல் உழைப்பார் ஒருவரும் இல்லை என்பது அதன் எண்ணம். விரைவு வண்டியை இழுத்துக் களைத்து ஓய்ந்திருக்கும் கார்டன் என்னும் பெரிய எஞ்சினை அது ஊதலொலி எழுப்பிக் கேலி செய்கின்றது. மறுநாள் தாமஸின் அடுப்பு எளிதிற் பற்றவில்லை. நீராவி சேரக் காலம் ஆகின்றது. பெட்டிகள் வரத் தாழ்க்கின்றன. கார்டனுக்குச் சினம் மிகுகின்றது. நீண்ட வண்டி புறப்படும்போது தாமஸ் பின்னிருந்து சற்றுத் தள்ளி உதவுவது வழக்கம். புறப்படுமுன் அதன் கொக்கியைக் கழற்றிவிடுவர். அன்று கார்டன் விரைந்து புறப்படவே, கழற்ற மறந்துவிடுகின்றனர். தாமஸ் வண்டியின் வாலில் கட்டுண்டு, என்றும் ஓடியறியாத விரைவில் இழுத்துச் செல்லப்படுகின்றது. கார்டன் நின்றபின்தான் அதற்கு விடுதலை. உழைப்பு இன்னதென்று இப்போது தெரிந்திருக்கும் என்று கார்டன் உணர்த்த, தாமஸ் தளர்ந்து திரும்புகின்றது.

இரண்டாம் கதை இதற்கு மறுதலையாக அமைந்தது. சரக்கு வண்டியை இழுக்கப் பணிக்கப்பட்ட கார்டன், அது தன் தகுதிக்குக் குறைவென்று சலித்துக்கொண்டே சென்று மலையேற்றத்தில் நின்றுவிடுகின்றது. எட்வர்டு என்னும் பழைய சிறு எஞ்சின் பின்னிருந்து தள்ளி ஏற்றுகின்றது. உச்சியை அடைந்ததும் கார்டன் நன்றியும் கூறாமல் விரைந்தோட, எட்வர்டு பின்தங்கி இரைத்து நிற்கின்றது. இஃது ஆட்ரி இளமையிற் கேட்ட பாக்ஸ் ஏற்றத்தின் உரையாடலே என்பதை எவரும் உணர்வர்.

இரு கதைகளையும் இணைத்துக் காணுங்கால் அவற்றின் அமைப்பு விளங்கும். இரண்டிலும் ஓர் எஞ்சின் முன்னே. மற்றொன்று பின்னே தள்ளுகின்றது. கொக்கி பிணைந்திருந்தமையால் தாமஸ் இழுத்துச் செல்லப்பட்டது. கொக்கி பிணையாமையால் எட்வர்டு பின்தங்கியது. ஒரே பொருள், அதாவது பெட்டிகளைத் தொடராக்கும் கொக்கி, ஒரு கதையில் தண்டனையையும் மற்றொரு கதையில் தனிமையையும் விளைவிக்கின்றது. செருக்கு அடங்குக என்றோ, நன்றி மறவற்க என்றோ தனியே ஓர் அறிவுரை ஒட்டவைக்கப்படவில்லை. கொக்கியின் நிலையே அறத்தை நடத்திச் செல்கின்றது. தொடர்வண்டி என்னும் தமிழ்ச்சொல் எதனைச் சிறப்பாகக் கொண்டதோ, அதுவே இக்கதைகளுக்கும் அச்சாணியாயிற்று.

இன்னும் சில நுட்பங்கள் கருதத்தக்கன. அடுப்பு மூட்டியவுடன் நீராவி எஞ்சின் ஓடாது; கொதிகலன் சூடேறக் காலம் வேண்டும் என்னும் உண்மையே தாமஸ் தாழ்த்தமைக்குக் காரணமாகக் காட்டப்படுகின்றது. சிறு சக்கரம் அதே தொலைவைக் கடக்கப் பெரிய சக்கரத்தினும் பன்முறை சுழல வேண்டும். ஆதலின் விரைவு வண்டியின் வேகத்தில் சிறு எஞ்சின் வருந்துவது இயல்பு. தாமஸின் துன்பம் புனைந்துரையன்று. சக்கரத்தின் சுற்றளவிலிருந்து கணக்கிட்டு அறியத்தக்கது. இவற்றை எவரும் குழந்தைக்கு விளக்கவில்லை. கதையைப் பின்பற்றும்போதே குழந்தை இவற்றை உணர்ந்துகொள்கின்றது.

தடைக்குழாயும் தோற்கயிறும்

மற்றொரு சான்று, 1948-இல் வெளிவந்த மூன்றாம் நூலினின்று எடுக்கப்பெற்று, தொடரின் முதற்பகுதியில் இடம்பெற்ற ஜேம்ஸின் கதை. செந்நிற வண்ணத்தாற் செருக்குற்ற ஜேம்ஸ் என்னும் எஞ்சின் பெட்டிகளை முரட்டுத்தனமாக முட்டி இழுக்கின்றது. வழியில் தடைக்குழாயில் ஓட்டை விழுந்து வண்டி நின்றுவிடுகின்றது. செய்தித்தாளைச் சுற்றித் தோற்கயிற்றால் கட்டினால் ஓட்டை அடைபடும். கயிற்றுக்கு எங்கே போவது? பயணி ஒருவரின் காலணியிலிருந்த தோற்கயிற்றைக் கேட்டுப் பெற்றுக் கட்டியபின்தான் வண்டி நகர்கின்றது. தடைபட்ட பயணிகள் ஜேம்ஸையே குறை கூறுகின்றனர்.

இக்கதை வெற்றிடத்தடையின் இயல்பை அறிந்தார் எழுதியது. அம்முறையில் வண்டி முழுதும் ஓடும் குழாயிலுள்ள காற்றை அகற்றியிருக்கும்போதுதான் தடைக்கட்டைகள் சக்கரங்களை விட்டு விலகி நிற்கும். குழாயில் எங்கேனும் ஓட்டை விழுந்து காற்று உட்புகுமாயின், தடைகள் தாமே பற்றிக்கொள்ளும். பழுது நேர்ந்தால் வண்டி கட்டுமீறி ஓடாது, நிற்கும். பழுதே பாதுகாப்பாக முடியுமாறு வகுத்த இம்முறை இந்திய இருப்புப்பாதைகளிலும் நெடுங்காலம் வழங்கியது. பின்னர் அழுத்தக் காற்றுத்தடைகள் அதன் இடத்தைப் பெற்றன. ஜேம்ஸ் தண்டிக்கப்படுவது ஒரு மேலதிகாரியின் சினத்தாலன்று. தன் முரட்டுத்தனம் குழாயைக் கெடுக்க, கெட்ட குழாய் அதனை நிறுத்துகின்றது. வினையும் விளைவும் ஒரே குழாயில் இணைந்துள்ளன. வேகத்தில் மயங்கிய எஞ்சினுக்கு ஒரு முழம் தோற்கயிறு இன்றியமையாததாகின்றது என்பதில் உள்ள நகைச்சுவையும் அதனைச் சார்ந்ததே.

மறுப்பும் விடையும்

இத்தொடரைக் குறைகூறுவோர் கருத்தையும் ஈண்டு ஆராய்தல் முறையாகும். பயனுள்ள எஞ்சினாக இருத்தலே உயர்ந்த பேறு எனக் கூறுவதால் இது பணிவை மட்டுமே கற்பிக்கின்றது என்பர். முதலாளிக்கு அடங்கிய தொழிலாளரின் உலகமே இது என்பர். மூன்றாம் கதையில், மழையால் வண்ணம் கெடும் என்று அஞ்சிக் குகையை விட்டு வெளிவர மறுக்கும் ஹென்றி என்னும் எஞ்சினை, அதிகாரி குகைக்குள்ளேயே சுவரெழுப்பி அடைத்துவிடுகின்றார். இது குழந்தை உள்ளத்திற்குக் கொடியது என்பது அவர்தம் கருத்து.

இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் அது நம் அளவுகோலுக்கு மாறானதன்று. அதற்கு அரண் செய்வதே. ஹென்றியின் கதையில் தண்டனை இயக்கத்திலிருந்து பிறக்கவில்லை. அதிகாரியின் ஆணையிலிருந்து பிறந்தது. எஞ்சினைச் சுவரெழுப்பி அடைப்பது எந்த இருப்புப்பாதையின் நடைமுறையும் அன்று. எங்கே ஆசிரியர் இருப்புப்பாதையை விட்டு விலகினாரோ, அங்கேயே கதை கொடுமையாயிற்று. கொக்கியும் தடைக்குழாயும் எவரிடத்தும் பகை கொள்ளமாட்டா. அவை பெரிய எஞ்சினுக்கும் சிறிய எஞ்சினுக்கும் ஒரே நீதியை வழங்கும். அதிகாரியின் ஆணையோ அத்தகையதன்று. குழந்தை இவ்வேறுபாட்டைச் சொல்லால் கூற அறியாது. ஆயின் முதலிரு கதைகளுக்குச் சிரித்த குழந்தை மூன்றாவதற்குச் சிரிக்கத் தயங்குவது இயல்பே.

நீலகிரி எஞ்சின்

இனி, இத்தொடரில் தமிழகம் இடம்பெற்றதைக் காண்போம். வண்டலூர் வழியே சென்ற மீட்டர்ப்பாதை மறைந்துவிட்டது. அதே அகலமுள்ள பாதை தமிழகத்தில் எஞ்சி நிற்பது நீலகிரியில். அதுவும் ஒருகாலத்தில் அதே தென்னிந்திய இருப்புப்பாதைக் குழுமத்தின் பொறுப்பில் இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலும், உதகமண்டலம் வரை 1908-இலும் திறக்கப்பட்ட இப்பாதை 46 கிலோமீட்டர் நீளமுடையது; கடல் மட்டத்திற்கு மேல் 326 மீட்டரிலிருந்து 2,203 மீட்டர் வரை ஏறுகின்றது. 2005-இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் மிகக் கடுமையானது. 12½ அடி செல்வதற்குள் ஓரடி உயர்கின்றது. வழுவழுப்பான சக்கரமும் தண்டவாளமும் அங்கே பற்றுக்கொள்ளா. ஆதலின் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறைப்படி, இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய சட்டங்கள் பதிக்கப்பட்டுள்ளன. எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரங்கள் அவற்றைக் கவ்வி ஏறுகின்றன. இவ்வகைப் பாதை இந்தியாவில் இஃதொன்றே. அதில் ஓடும் ‘எக்ஸ்’ வகுப்பு எஞ்சின்களைச் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்து ஆலையினர் செய்தனர். அண்மைக் காலத்தில் திருச்சிப் பொன்மலைப் பணிமனையும் அவ்வகை எஞ்சின்களைச் செய்தளித்தது. இவ்வெஞ்சினுக்கு நான்கு உருளைகள். இரண்டு உருளைகள் ஓடும் சக்கரங்களுக்கும், இரண்டு பற்சக்கரங்களுக்கும் உரியன. பற்சட்டப் பகுதியில், ஓடும் சக்கரங்களை இயக்கி வெளிவந்த நீராவியே மீண்டும் பற்சக்கரங்களை இயக்கப் பயன்படுகின்றது.

ஏறும்போது எஞ்சின் முன்னே நின்று இழுப்பதில்லை. சரிவின் கீழ்ப்புறத்தே பின்னே நின்று தள்ளுகின்றது. பெட்டிகள் பின்னோக்கி உருளாமல் தாங்கிக்கொள்வது இதனால் இயலும். எஞ்சினை ஓட்டுவோர்க்கு முன்னுள்ள பாதை தெரியாது. முதற்பெட்டியின் முகப்பில் நிற்கும் தடைப்பணியாளர் கொடி காட்ட, ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள தடைப்பணியாளர் அதனை அடுத்தவர்க்கு உணர்த்துவர். செய்தி எஞ்சினை அடைவது மனிதத் தொடரால். பாக்ஸ் ஏற்றத்தில் ஆட்ரி கேட்ட பின்தள்ளும் எஞ்சின், நீலகிரியில் நாள்தோறும் நிகழும் நடைமுறையாகும்.

2016-இல் வெளிவந்த தாமஸ் திரைப்படமொன்றில் ஆஷிமா என்னும் இந்திய எஞ்சின் அறிமுகமாயிற்று. 2018-இல் தாமஸ் இந்தியாவிற்கு வருவதாக அமைந்த கதைகளிலும் இடம்பெற்றது. ஆஷிமாவின் வடிவம் நீலகிரி ‘எக்ஸ்’ வகுப்பு எஞ்சினைத் தழுவியது. பல வண்ணப் பூவேலைப்பாடும், அமைதியும், பிறர்க்கு உதவும் பண்பும் உடைய பெண்பாத்திரமாக அது படைக்கப்பட்டுள்ளது. தமிழகத்து மலைப்பாதையொன்றின் எஞ்சின் உலகக் குழந்தைகளின் முன் தோன்றியது மகிழ்தற்குரியது. அயல்நாட்டு எஞ்சினை ஏளனப் பொருளாக்காமல் மதிப்போடு காட்டியது அதனினும் சிறந்தது.

ஆயினும் நம் அளவுகோலைப் பொருத்தினால் ஒரு குறை புலனாகின்றது. பற்சக்கரம் கொண்டு பற்சட்டத்தைக் கவ்வி மெல்ல ஏறுவதே நீலகிரி எஞ்சினின் உயிர்த்தொழில். ஆஷிமாவோ சமநிலத்துப் பாதையில் மற்ற எஞ்சின்களைப் போலவே ஓடுகின்றது. அதன் வண்ணம் அதனை இந்திய எஞ்சின் என்று காட்டுகின்றது; அதன் தொழில் காட்டவில்லை. முன்னைய கதைகளில் பண்பு இயக்கத்தினின்று பிறந்தது. ஈண்டுப் பண்பு ஓவியத்தின்மேல் ஏற்றப்பட்டது. பெயரும் எல்லையின்மையைக் குறிக்கும் வடசொல்லேயன்றி, நீலகிரியின் மொழிகளோடு தொடர்புடையதன்று. புகை உண்டு, தொடர் இல்லை என்க.

இக்குறை தவிர்க்க இயலாததன்று என்பதற்கு ஆட்ரியே சான்று. 1964-இல் அவர் எழுதிய பத்தொன்பதாம் நூல், வேல்சு நாட்டின் ஸ்னோடன் மலைப்பாதையை அடிப்படையாகக் கொண்டது. அப்பாதையும் ஆப்ட் முறையில் அமைந்தது. அதன் முதல் எஞ்சின்களும் வின்டர்தூரில் செய்யப்பட்டவை. 1896-இல் அப்பாதை திறக்கப்பட்ட நாளிலேயே முதல் எஞ்சின் பற்சட்டத்தை விட்டு விலகி மலைச்சரிவில் வீழ்ந்தது. ஆட்ரி இதனைக் குழந்தைக் கதையாக்கியபோது, தன் தடைகளை மிகையாக நம்பிப் பாதையைக் கூர்ந்து நோக்காத எஞ்சின் வீழ்ந்தது எனவும், பெட்டி தன் தடையால் நின்று காப்பாற்றப்பட்டது எனவும் அமைத்தார். பற்சட்டம் கதைக்கு இடையூறன்று. கதையை ஈன்று தருவது என்பது இதனாற் போதரும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், குழந்தைத் தொலைக்காட்சியில் சிறந்து விளங்கிய புகைவண்டிக் கதைகளின் வலிமை மூவகைப்படும் என்பது பெறப்பட்டது. ஒருவரே சொல்லும் குரலும் அசையா முகமும் குழந்தையைக் கதையின் பங்காளியாக்கின. கொக்கி, தடைக்குழாய், சக்கரம் ஆகிய சிறுபொருள்கள் நிகழ்ச்சிகளை நடத்தின. அறம், அதிகாரத்தின் வாயிலாக வாராமல், வினைக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பின் வாயிலாக வந்தது. இவற்றுள் மூன்றாவது இல்லாதவிடத்து, ஹென்றியின் கதைபோல் கொடுமையோ, ஆஷிமாவின் கதைபோல் வெறும் அணியோ எஞ்சியது.

தமிழில் இவ்வகைக் கதை தோன்றுதற்குப் பொருள் குறைவில்லை. கைகாட்டி, தண்டவாளம், ரயிலடி, கொக்கி எனப் பழகிய சொற்கள் உள்ளன. வண்டலூர் வழியே நீராவி எஞ்சின் ஓடிய நாளை நேரிற் கண்டோர் இன்று எழுபதைக் கடந்த முதியோர். அவ்வெஞ்சின்களில் பணிசெய்தோர் வழங்கிய சொற்கள் தொகுக்கப்படாமலே மறையும் நிலையில் உள்ளன. தமிழ்த்துறை மாணவர் வட்டார வழக்குச் சொற்களையும் உழவுத்தொழிற் சொற்களையும் தொகுப்பதுபோல் இருப்புப்பாதைத் தொழிற்சொற்களையும் தொகுப்பாராயின், அது சொல்லாய்வுக்கு மட்டுமன்றிக் குழந்தை இலக்கியத்திற்கும் முதலாகும். சொல் இல்லாதவிடத்துப் பொருளைக் கதையில் இயக்க முடியாது.

மின்வண்டியின் காலத்திற்கு வேறொரு கதைமுறை தேவைப்படலாம். இழுக்கும் எஞ்சின் தனியே இல்லாமல், பெட்டிகளின் அடியிலுள்ள மோட்டார்கள் ஒன்றுகூடி வண்டியை நகர்த்தும்போது, ஒரு தலைவனின் செருக்கைச் சொல்லும் கதை பொருந்தாது. பலர் ஒருங்கே முயன்று ஒன்றை நகர்த்தும் கதையே பொருந்தும். நீலகிரியிலோ, முன்னே உள்ளதைக் காணாத எஞ்சின், பெட்டிதோறும் நிற்கும் மனிதரின் கொடியை நம்பி மலையைத் தள்ளி ஏறுகின்றது. நம்பிக்கை என்னும் பண்பைக் குழந்தைக்கு உணர்த்த இதனினும் பொருத்தமான நிகழ்ச்சி அரிது. அது நாள்தோறும் மேட்டுப்பாளையத்திற்கும் குன்னூருக்கும் இடையே நிகழ்கின்றது. அதனைக் கதையாக்கும் பணி தமிழ் எழுத்தாளர்க்கு உரியது.